தம்பியின் பார்சல்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

வெட்கக்கேடு ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவையே தட்டி, "பார்சல்" என்றேன். சாவி என் பையில்தான் இருக்கிறது. அதோடு விட்டேனா? கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாசலில் வைத்து, இரண்டடி பின்னால் போய், போனை எடுத்துப் படமும் பிடித்துவிட்டேன். படத்தில் என் பையும் வீட்டுக்காரர் காலும் விழுந்திருக்கின்றன. மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கொஞ்சமும் சிரிக்காமல், "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார்.

சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. வருடம் பிறக்கும்போது சம்பளத்தோடு ஏதாவது சேர்த்துத் தருவார்கள் என்று எல்லா டிரைவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஆளுக்கு ஒரு டைரி தந்தார்கள். நான் படித்தது ஐந்தாவது. அதனால் இதுவரை அலமாரியில் தூங்கியது. ஆனால் வாய் மட்டும் எனக்குப் பத்துப் பேருக்கு உண்டு, கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைக்கிறவர். விடியுமுன் போக வேண்டும், அதனால் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார். மீதி வாயை இதில் கொட்டுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு பொன்வாக்கு வேறு அச்சடித்திருக்கிறார்கள். இன்றையது: 'வாடிக்கையாளரின் புன்னகையே நம் எரிபொருள்.' நாளைக்கு பங்க்கில் விசாரிக்கிறேன், லிட்டர் என்ன விலை என்று.

பிப்ரவரி 13, வியாழன்

தம்பியின் கோடு மறுபடியும் சிவப்பு.

கோடு என்றால் கம்பெனி கொடுத்த போனின் உச்சியில் ஓடும் கோடு. காலையில் வண்டி எடுக்கும்போது பச்சையாக இருக்கும். ஒரு கதவுக்கு இவ்வளவு நேரம் என்று அதுவே முடிவு செய்து வைத்திருக்கிறது. பிந்தினால் மஞ்சள். இன்னும் பிந்தினால் சிவப்பு. வார முடிவில் சிவப்பில் நின்றால் அது சிவப்பு வாரம். மூன்று சிவப்பு வாரம் தொடர்ந்து வந்தால் திங்கட்கிழமை காலையில் போன் திறக்காது. யாரும் திட்ட மாட்டார்கள், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச மாட்டார்கள். போன் திறக்காது, வேலை இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் போனுக்கு மாடி தெரியாது. மேலே எங்கோ இருந்து பார்க்கிறதாம், எல்லா வீடும் அதற்குத் தரையில்தான் இருக்கிறது. லிப்ட் இல்லாத நாலாவது மாடியும் ஒரு கதவு, தெருவைப் பார்த்த கடையும் ஒரு கதவு.

தம்பிக்குப் போன வாரமும் சிவப்பு. இந்த வாரமும் அப்படித்தான் முடியும். அடுத்த வாரமும் என்றால் தீர்ந்தது.

நான்தான் அவனை இங்கே சேர்த்துவிட்டேன், ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் இருந்தான். அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம் அவன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா சொல்லவில்லை, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். படு என்றால் படுப்பான். தம்பி பெண்டாட்டி வீட்டில் இருந்த கத்தி, கயிறு, மாத்திரை எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.

அவனுக்கு நான் வைத்த பெயர் அன்னம். நடை அப்படி. மலை மாதிரி உடம்பு, பூ மாதிரி காலடி. பார்சலை வாசலில் எறிய மாட்டான், மழை படாத இடம் பார்த்து வைப்பான். வயதானவர்கள் என்றால் உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைப்பான். "ஏன்டா, அதைப் பிரிச்சு ஊட்டியும் விட்டுட்டு வாயேன்" என்பேன். "கேட்டா விடுவேன்" என்பான்.

அவன் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 17, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. சட்டப்படியான வழிதான். ஒரு டிரைவர் பிந்தினால் இன்னொருவர் அவரிடமிருந்து பார்சலை எடுத்துக்கொள்ளலாம். என் போனில் ஸ்கேன் செய்தால் அது என் லோடில் ஏறிவிடும், அவன் லோடிலிருந்து இறங்கிவிடும். எங்கள் இருவர் தெருவும் தையற்கடைச் சந்தில்தான் முட்டுகின்றன. காலையில் அங்கே இரண்டு வண்டியையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, அவனிடமிருந்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டேன். மாடிவீட்டுப் பார்சலாகப் பார்த்து எடுத்தேன்.

"அக்கா, வேணாம்க்கா" என்றான்.

"போடா, உன்னைச் சின்ன வயசுல இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சேன். அதுக்கு இது ஒண்ணும் கனமில்ல" என்றேன்.

சாயங்காலம் அவன் கோடு பச்சை. என்னிடம் காட்ட வேண்டும் என்று போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பச்சை. என் கால் என்னுடையது இல்லை.

பிப்ரவரி 19, புதன்

ஆம்பிளை டிரைவர்களுக்கு பாட்டில் இருக்கிறது. எனக்கு தையற்கடை அம்மா இருக்கிறார். கடைக்குப் பின்னால் உள்ள கழிப்பறைச் சாவியை ஆணியில் எனக்கென்றே மாட்டி வைத்திருப்பார். முழங்கால் வீங்கிப்போன மனுஷி, மிஷினை விட்டு எழுந்திருக்காமலே பேசுவார். இந்த மூன்று நாளும் அந்தச் சாவியைத் தொடவில்லை. நேரமில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் சாவி வேண்டியதில்லை, கண்டுபிடித்துவிட்டேன்.

தம்பி அங்கே நின்ற நேரத்தில் அந்த அம்மாவின் துணிமூட்டையை உள்ளே தூக்கிப் போட்டான். அதுவரை நான் காத்து நின்றேன், என் கோடு மஞ்சளானது அந்த மூட்டையால்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

வாரம் பச்சையில் முடிந்தது. இருவருக்கும். தம்பி பெண்டாட்டி போன் செய்து அழுதாள். நான் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன், வைத்த பிறகு நானும் அழுதேன். கண்ணில் தண்ணீர் வருகிறது. குடிக்காத தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ.

மார்ச் 3, திங்கள்

இரண்டு வாரம் பச்சை. இன்று காலை குடோனில் லோடு ஏற்றும்போது தம்பியின் பைகள் வண்டிக்குள் கொள்ளவில்லை. முன் சீட்டிலும் ஏற்றினான். எண்ணிப் பார்த்தால் போன மாதத்தைவிட முப்பது பார்சல் கூட. என்னுடையதும் அப்படியே.

எங்கள் மேற்பார்வையாளரைப் போய்ப் பிடித்தேன். சின்ன வயசுக்காரன், கெட்டவன் இல்லை. எதைக் கேட்டாலும் "அது சிஸ்டம்க்கா" என்பதால் அவனுக்கு சிஸ்டம் என்றே பெயர். "உங்க தம்பி நல்லா முன்னேறிட்டார்க்கா. நேரத்துக்கு முன்னாடியே முடிக்கிறாரு. சிஸ்டம் இப்ப அவரை நம்புது" என்றான். உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னான்.

"நான்தானேப்பா அவன்கிட்ட இருந்து எடுத்தேன்" என்றேன்.

எடுத்ததையெல்லாம் அது பார்க்காதாம். எத்தனை மணிக்கு முடித்தான் என்பதுதான் அதற்குத் தெரியுமாம்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள அவன் சீக்கிரம் முடித்தான். சீக்கிரம் முடிக்க முடிக்க அவனுக்கு ஏறியது. என் தம்பி தலையில் நானே ஏற்றிவிட்டேனா?

மார்ச் 4, செவ்வாய்

இன்னும் கொஞ்சம் கூட எடுத்தேன். வேறென்ன செய்வது.

மார்ச் 5, புதன்

மீசை இன்று என்னிடம் பேசினார். எங்களில் பழைய டிரைவர், பேச்சு குறைவு. காலையில் வரிசையில் நிற்கும்போது என் பக்கத்தில் வந்து, தனக்கும் ஏறியிருக்கிறது, பின்வரிசை வண்டிகளுக்கும் ஏறியிருக்கிறது என்றார். ஒரே அளவு தெரு, ஒரே அளவு தூரம். அக்காவாலும் தம்பியாலும் முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது என்று சிஸ்டம் கேட்டதாம்.

"நீ தம்பி பாரத்தைக் குறைக்கல. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி ஊத்திட்டிருக்க. பானை யாருதுன்னு மட்டும் பாரு" என்றார்.

நான் வழக்கம்போல, "உங்க மீசையை ஷேவ் பண்ணினா கொஞ்சம் பாரம் குறையும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான், காலில் ஷூவோடு. ஷூவைக் கழற்றினால் முழித்துக்கொள்கிறானாம், அதனால் அவன் பெண்டாட்டி விட்டுவிடுகிறாளாம். தூக்கத்தில் கட்டைவிரல் அசைகிறது. போனில் 'கொடுத்தாகிவிட்டது' என்ற பட்டனை அழுத்துகிறான். எங்களுக்கெல்லாம் அந்த விரல்தான் வேலை செய்யும்.

தம்பி பெண்டாட்டி சமையலறைக்குள் கூப்பிட்டு, "அண்ணி, முன்னாடி சுவரைப் பாத்துட்டு இருந்தார். அப்பவாவது கூப்பிட்டா திரும்புவார்" என்றாள்.

ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவன் எழுந்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு நாளாவது எல்லாத்தையும் குடுத்துட்டு வெறும் வண்டியை ஓட்டிட்டு வரணும். வெறும் வண்டி எப்படி ஓடும்னே மறந்துபோச்சு" என்றான்.

மார்ச் 11, செவ்வாய்

என் வண்டிக் கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. கொட்டாவி விட்டால் கூவும், அது கூவினால் கோட்டில் ஏறும். வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விடப் பழகிவிட்டேன். கண்ணீர் மட்டும் வெளியே வரும். அதற்கு அது கூவுவதில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுத்து எப்படி வந்தாலும் வரட்டும்.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். வேலை நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். "அக்கா, நான் எங்க இருக்கேன்னு தெரியல" என்றான். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். மஞ்சள் கேட், பெரிய மரம், எதிரே பல் டாக்டர் போர்டு என்றான். தினமும் அவன் போகிற தெரு. ஆறு மாதமாகப் போகிற தெரு. அங்கேயே இரு, நகராதே என்றேன். பாதி லோடோடு வண்டியைத் திருப்பினேன். போன், 'தவறான பாதை, தவறான பாதை' என்று கத்தியது.

அவன் வண்டி ஓரமாகத்தான் நின்றது. நடுரோட்டில் நிற்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை. யார் செய்த புண்ணியமோ. ஓட்டுகிற சீட்டில் ஆள் இல்லை. எனக்கு உயிரே போயிற்று. பின்கதவைத் திறந்தேன். பார்சல்களுக்கு நடுவே, தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதன்மேல் இருக்கும் விலாசத்தை விரல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டைத்தான்க்கா ரொம்ப நேரமா தேடறேன்" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். எதிர்வீடு. பல் டாக்டர்.

நான் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். படம் எடுக்கவில்லை. திரும்பி வந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். கன்னத்தில் உப்புப் படிந்திருந்தது, வேர்வையா அழுததா தெரியவில்லை. என் போன் நிற்காமல் கத்தியது, நீங்கள் நகரவில்லை, நீங்கள் நகரவில்லை என்று. அவன் போனும் கத்தியது. இரண்டையும் ஒரு பையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"நீ ஏன்க்கா வந்த? உன் கோடு சிவப்பாயிடும்" என்றான்.

ஐயோ, என்னத்தச் சொல்லுவேன். இவனுக்கு எதிர்வீடு தெரியல, என் கோடு தெரியுது. நானா இவனை இங்க கொண்டுவந்து விட்டேன்? சுவரைப் பாத்துட்டு இருந்தவனை எழுப்பி இதுக்குள்ளயா போட்டேன்? யார்கிட்ட போய்ச் சொல்லுவேன். ஓட்டும்போது இப்படி ஆயிருந்தா? ஒரு பிள்ளை குறுக்க வந்திருந்தா?

இரண்டு வண்டியும் நிறைய பார்சலோடு குடோனுக்குத் திரும்பின. அவனை முன்னால் விட்டு, மெதுவாக, அவன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

தம்பி படுத்திருக்கிறான். ஒரு நாள் லீவு.

சிஸ்டம் என்னைக் கூப்பிட்டான். நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டான். அவனுக்கும் முகம் மாறியது. தம்பியை டாக்டரிடம் காட்டச் சொன்னான். நான் டாக்டரைக் கேட்கவில்லை, லோடைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். அதில் ஒரு ஏணி மாதிரி படம், வாரத்துக்கு ஒரு படி. என்னுடையதும் தம்பியுடையதும் ஏறிக்கொண்டே போகின்றன.

"நான் மேல எழுதிக் கேட்டாலும் இதைத்தான்க்கா காட்டுவாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்ல? நீங்களே செஞ்சு காட்டியிருக்கீங்க" என்றான்.

செய்து காட்டியிருக்கிறேன். ஆமாம். தண்ணீர் குடிக்காமல், உட்காராமல், ஓடி ஓடி நான்தான் செய்து காட்டியிருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும்.

இன்றைய பொன்வாக்கு: 'இன்றைய சாதனை நாளைய தொடக்கம்.' யார் எழுதினார்களோ, விஷயம் தெரிந்தவர்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பிக்கு இந்த வாரம் சிவப்பில் முடிந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "கேன்டீன்ல நூறு பேர் சாப்பாட்டை இருநூறு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தேன் ஒரு நாள். மறுநாள் அரிசி பாதிதான் வந்துது" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நாளையிலிருந்து உன்னிடமிருந்து ஒரு பார்சலும் எடுக்க மாட்டேன். நீயும் ஓடாதே. பெல்ட் போடு, ஒழுங்காக நிறுத்து, உட்கார்ந்து சாப்பிடு. முடிந்ததைக் கொடு, முடியாததைத் திருப்பிக் கொண்டுவா.

அவன் என்னைப் பார்த்தான். "அப்ப போன் திறக்காதே" என்றான்.

"திறக்காமப் போகட்டும்."

"என்னைக் கைகழுவறியாக்கா?"

இத்தனை வயதுக்கு அவன் என்னிடம் ஒரு கடுமையான சொல் சொன்னதில்லை. இதுவும் கடுமையாகச் சொல்லவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டான். தம்பி பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமாண்டா, கைகழுவறேன். கழுவின கையால சோறு போடறேன், வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனை வரை நன்றாகத்தான் நடந்தேன். பிறகு மூடிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போனால் நாற்காலி. வேலை இருந்தால் என்றாவது ஒரு நாள் எவன் வீட்டுக் கேட்டிலோ, எவள் பிள்ளைமேலோ. இரண்டில் ஒன்றை நான் எடுத்துவிட்டேன். சரியானதைத்தான் எடுத்தேனா? அவனைக் கேட்காமல் எடுக்க நான் யார்?

மார்ச் 17, திங்கள்

உட்கார்ந்து சாப்பிட்டேன். மரத்தடியில், முழு அரைமணி. போன் பக்கத்தில் கத்திக்கொண்டே இருந்தது, பாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வரிசையில், இனி யாரும் ஓட வேண்டாம் என்று நான் சொன்னபோது மீசை மட்டும் தலையாட்டினார். பாதிப்பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. "கஷ்டம் ஒண்ணுமில்லப்பா. கம்பெனி சட்டப் புத்தகத்துல இருக்கறபடி நடங்க. உங்களையே உங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றேன். ஒருத்தர் சிரித்தார். போதும்.

சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்த பார்சல் நான்கு பை. திரும்பி வருவதை வைக்கும் அலமாரியில் அடுக்கினேன். அவமானமாக இருந்தது, பரீட்சையில் தோற்றுப்போன மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

மீசையும் இன்னும் நான்கு பேரும் இன்று உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். தம்பி பக்கத்துத் தெருவில் தனியாகச் சாப்பிட்டான். என்னைப் பார்த்தால் கையசைக்கிறான். பேசுவதில்லை.

மார்ச் 28, வெள்ளி

அவனுக்கு மூன்றாவது சிவப்பு நாளை முடிகிறது. தையற்கடைச் சந்தில் வண்டியை நிறுத்தி அரைமணி காத்திருந்தேன். வந்தால் ஒரு பை எடுத்துக்கொள்வேன், நான் சொன்னது நாசமாய்ப் போகட்டும் என்று. அவன் வேறு வழியாகப் போய்விட்டான்.

மார்ச் 31, திங்கள்

திறக்கவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். விரலை வைத்தான், மறுபடி வைத்தான், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். 'இன்று உங்களுக்குப் பாதை ஒதுக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. போனையும் வண்டிச்சாவியையும் சிஸ்டம் மேஜைமேல் வைத்தான். சாவியை மெதுவாக, சத்தம் வராமல், மழை படாத இடம் பார்த்து வைப்பது போல வைத்தான். சிஸ்டம் எழுந்து நின்றுவிட்டான், பாவம்.

நான் இன்றைக்கு எத்தனை கதவு தட்டினேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டானாம்.

ஏப்ரல் 3, வியாழன்

சுவர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு நானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு ஆணி ஓட்டை. "படம் நல்லாருக்கு, இடைவேளை எப்ப?" என்று கேட்டேன். கூப்பிட்டால் திரும்புகிறான். அதை நானும் தம்பி பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் பலமுறை சொல்லிக்கொண்டோம். கூப்பிட்டா திரும்புறான், கூப்பிட்டா திரும்புறான்.

வரும்போது அவள் பிறகு வாங்கியிருந்த சமையலறைக் கத்தியையும் என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பையை இறுக்கிப் பிடித்திருந்த கையை வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க முடிந்தது.

நான்தானே செய்தேன். நான்தானே.

ஏப்ரல் 11, வெள்ளி

கழிப்பறைச் சாவிக்காகத் தையற்கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறேன். அந்த அம்மா தைப்பதை நிறுத்தாமல், "உன் கூட ஒரு ஆளு வருவாரே, மெதுவா நடப்பாரே, எங்க காணோம்?" என்று கேட்டார். மூட்டை தூக்கிப் போடுகிற பையன் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். தைத்த துணி மூன்று கடைக்குப் போக வேண்டும், தள்ளுவண்டி இருக்கிறது, தள்ள ஆளில்லை, இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்றார்.

"அவன் ரொம்ப மெதுவும்மா. கடை மூடறதுக்குள்ள போய்ச் சேர மாட்டான்" என்றேன். வாய் வழக்கப்படி கிண்டல் செய்துவிட்டது. மனசு, 'ஐயோ வாயை மூடு' என்று அடித்துக்கொண்டது.

"துணி என்ன, கெட்டா போகும்?" என்றார் அந்த அம்மா.

என் மீதி லோடைக் கொடுக்கவில்லை. நேரே தம்பி வீட்டுக்குப் போய், நாற்காலி பக்கத்தில் நின்று, ஒரு அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். உன் நல்லதுக்கு, வேலைக்கு என்றெல்லாம் சொல்லவில்லை. அவன் ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எந்தக் கால்?" என்று கேட்டான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு நாளாகப் போகிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் உடைந்துவிடுமோ என்று பயம்.

ஏப்ரல் 24, வியாழன்

குடோனுக்குப் புதிதாக இரண்டு வண்டி வந்திருக்கிறது. திரும்பி வரும் பார்சலை வைக்க அலமாரி போதாமல் தரையெல்லாம் நிறைந்துபோனதால்தான் என்கிறார் மீசை. எங்கள் லோடு இறங்கவில்லை. ஏறவும் இல்லை. நடுநடுவே மஞ்சளில் தப்பிய எனக்கு இப்போது தொடர்ந்து இரண்டாவது சிவப்பு வாரம் ஓடுகிறது. அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி வீட்டுக்காரரும் நானும் பேசுவதில்லை.

தம்பி நேற்று ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தானாம்.

இன்று தையற்கடையிலிருந்து அவன் கொண்டுபோனது இரண்டு மூட்டை. ஒன்று பேக்கரிக்கு, வேலை செய்யும்போது முன்னால் கட்டிக்கொள்ளும் வெள்ளை ஏப்ரன். இன்னொன்று கார் நிறுத்துமிடத்துக் காவலாளிகளுக்கு, தோளில் பட்டை வைத்த நீலச் சட்டை. எங்களிடம் இருந்தவரை ஒரு பார்சலைக்கூட மாற்றிக் கொடுக்காத என் தம்பி, இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது, பேக்கரியில் மூன்று பேர் தோளில் பட்டையோடு ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் காவலாளி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேட் அருகில் நின்று, என் வண்டிக்குக் கை காட்டி உள்ளே விட்டார். பார்சலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஏப்ரனைத் தொட்டுக் காட்டி, அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.